பழைய பியூக் வாங்கி தினமும் ஓட்டுவது எப்படி: 3800 இன்ஜின் கார்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்க கார் என்றதும் பலருக்கு மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் இவைதான் கண் முன்னால் வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டிப் பார்க்க அவை அருமையான கார்கள். ஆனால் மிச்சிகனில் ஜனவரி மாதம், காலை ஆறரை மணிக்குக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போக வேண்டும், சாயங்காலம் பிள்ளைகளையும் மளிகைச் சாமான்களையும் ஏற்றி வர வேண்டும் என்றால், நான் கை காட்டுவது 2000 முதல் 2005 வரை வந்த பியூக் லெசேபர். இங்கே இதைத் தாத்தா கார் என்பார்கள். பேர் என்னவோ வைத்துக்கொள்ளட்டும். முன்னால் நீளமான பெஞ்ச் சீட் போட்ட மாடலில் ஆறு பேர் உட்காரலாம், டிக்கியில் நான்கு பெரிய சூட்கேஸ் போகும், ஹைவேயில் ஒரு கேலனுக்கு 27 மைல் கொடுக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவர் போன மாதம், "அண்ணா, குறைஞ்ச விலையில ஒரு கார் வேணும், ரெண்டு மூணு வருஷம் தொந்தரவு தராம ஓடணும்" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இன்னும் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இன்ஜினைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் காரின் உயிர் அதன் 3.8 லிட்டர் வி6 இன்ஜின். 3800 என்றாலே இங்குள்ள மெக்கானிக்குகளுக்குப் புரியும். இதன் வேர் 1962-இல் பியூக் ஸ்பெஷல் காரில் வந்த சின்ன வி6. அதைச் செய்யும் இயந்திரங்களை ஜெனரல் மோட்டார்ஸ் 1967-இல் கைசர் ஜீப் கம்பெனிக்கு விற்றுவிட்டது. அப்புறம் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும், 1974-இல் அதையே திரும்ப வாங்கிக்கொண்டது. விற்றதைத் திரும்ப வாங்கி, அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் செதுக்கிச் செதுக்கி மெருகேற்றிய இன்ஜின் இது. 1987-இல் வந்த கருப்பு பியூக் ஜிஎன்எக்ஸ் காரில் டர்போவோடு இருந்ததும் இந்தக் குடும்பத்து இன்ஜின்தான். அந்தக் கார் மொத்தமே 547தான் செய்தார்கள். 2008 ஆகஸ்டில் மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரத்தில் கடைசி 3800 தயாரானது.

லெசேபரில் இருப்பது இரண்டாம் தலைமுறை, அதாவது சீரிஸ் 2. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வுதான். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அதனால் இத்தனை மைலுக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும் என்ற பெரிய செலவு இல்லை. 205 குதிரைத்திறன் என்பது இன்றைய கணக்கில் பெரிதில்லை. ஆனால் இழுவிசை 230 பவுண்ட்-அடி, அதுவும் தாழ்ந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும். ஹைவேயில் 70 மைல் வேகத்தில் போகும்போது இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரைப் பாருங்கள், முள் நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். சிரமப்படாமல் ஓடுவதால்தான் நிறைய 3800-கள் இரண்டு லட்சம் மைல் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பலவீனம் எங்கே என்றால், இரும்பில் இல்லை, அதைச் சுற்றி வைத்த பிளாஸ்டிக்கில். இந்த வழிகாட்டியில் பாதி அதைப் பற்றித்தான்.

படி 1: எந்தக் கார் என்று முடிவு செய்வது

சீரிஸ் 2 இன்ஜின் பல கார்களில் வந்திருக்கிறது: பியூக் லெசேபர், பார்க் அவென்யூ, ரீகல், பான்டியாக் போன்வில், கிராண்ட் ப்ரி, செவ்ரோலே இம்பாலா. எதுவானாலும் முன் கண்ணாடி வழியாகத் தெரியும் வின் நம்பரின், அதாவது காரின் அடையாள எண்ணின், எட்டாவது எழுத்தைப் பாருங்கள். அது கே என்றால் சாதாரண சீரிஸ் 2. அங்கே 1 என்ற எண் இருந்தால் சூப்பர்சார்ஜர், அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி, வைத்தது. சூப்பர்சார்ஜர் வண்டி ஓட்ட நன்றாக இருக்கும், ஆனால் விலை கூடின பிரீமியம் பெட்ரோல் கேட்கும். தினசரி ஓட்டத்துக்கு கே போதும், 87 ஆக்டேன் ஊற்றினால் சந்தோஷமாக ஓடும்.

கிராண்ட் ப்ரி, ரீகல், இம்பாலா வகைகளை வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். வால்வ் கவர் கேஸ்கெட் வழியாக ஆயில் கசிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டித் தீப்பிடிக்கலாம் என்பதால் 2015-இல் அந்த வகைக் கார்கள் சுமார் 14 லட்சத்தை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை இணையதளத்தில் வின் நம்பரைப் போட்டால் அந்த வேலை பாக்கி இருக்கிறதா என்று காட்டிவிடும். இலவசம்தான், இரண்டு நிமிஷ வேலை. எந்தக் காராக இருந்தாலும் இதைச் செய்துவிட்டே பார்க்கப் போங்கள்.

மைல் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 60,000 மைல் ஓடி, பனியை உருக்கச் சாலையில் போடும் உப்பில் பத்து வருஷம் துருப்பிடித்த காரைவிட, 1,40,000 மைல் ஓடி, உப்பு போடாத தென் மாநிலத்திலிருந்து வந்த கார் எத்தனையோ மேல். நான் என் காரை ஒரு பெரியவரின் குடும்பத்திடமிருந்து வாங்கினேன். டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தால் ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதி, மைல், எத்தனை குவார்ட் என்று பென்சிலில், ஒரே கையெழுத்தில். கடைசிப் பக்கங்களில் மட்டும் எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. அந்த நோட்டைப் பார்த்ததுமே பாதி முடிவெடுத்துவிட்டேன்.

படி 2: நேரில் பார்ப்பது

போவதற்கு முன் விற்பவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இந்த இன்ஜினின் குறைகள் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும்.

முதலில் கீழே குனியுங்கள். டார்ச், பழைய போர்வை, ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. சத்தம் மந்தமாகி, பொத்பொத்தென்று உள்ளே போனால் பெயின்டும் துருவும்தான் மிச்சம். அப்புறம் முன்னாலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய்கள். மேலே லேசான பழுப்பு இருந்தால் பரவாயில்லை. செதில் செதிலாக உரிந்து, குழாய் தடித்திருந்தால் அது மொத்தமாக மாற்ற வேண்டியது, விலையில் அதைக் கழியுங்கள். இன்ஜினைத் தாங்கும் சப்ஃபிரேமில் ஓட்டை இருந்தால் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பழுப்புச் சேறு மாதிரி இருந்தால் வருஷக்கணக்கில் யாரும் தொடவில்லை, உள்ளே காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். அளவு குறைந்திருந்தால் 'எங்கே போனது?' என்ற கேள்வியை மனதில் வையுங்கள். பதிலை அடுத்த படியில் சொல்கிறேன்.

ஆயில் மூடியைத் திருகி உள்பக்கம் பாருங்கள். பால் மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தால் உடனே பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் காரில் நீராவி படிந்து அப்படி ஆகும். ஆனால் டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலே பால் காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் ஆயிலோடு கலந்துவிட்டது. வாங்காதீர்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். குளிரில் வெள்ளைப் புகை வருவது இயல்பு. அது இனிப்பு வாசனையோடு, அடர்த்தியாக, சில நிமிஷம் விடாமல் வந்தால் கூலன்ட் எரிகிறது.

ஓட்டிப் பார்க்கும்போது குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள், அதில் ஹைவேயும் இருக்கட்டும். கியர் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது பின்னால் யாரோ இடித்த மாதிரி 'டக்' என்று விழுந்தால், கியர்பாக்ஸின் பிரஷர் கன்ட்ரோல் சோலினாய்டு தேய்ந்திருக்கலாம். 4டி65-ஈ என்ற இந்த கியர்பாக்ஸில் அது நன்கு அறிந்த நோய். வேகத்தோடு சேர்ந்து ஏறும் 'ம்ம்ம்' என்ற சத்தம் சக்கர பேரிங். திருப்பங்களில் அந்தச் சத்தம் மாறினால் உறுதி. இது பெரிய செலவில்லை.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் சின்ன ஓபிடி ஸ்கேனர் ஒன்று கையில் இருக்கட்டும். 1996-க்குப் பிறகு வந்த எல்லாக் கார்களிலும் அது வேலை செய்யும். கோளாறு எண் எதுவும் இல்லை என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். 'மானிட்டர்கள் தயாராக இல்லை' என்று பல வரிகள் காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் யாரோ கோளாறு எண்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

படி 3: கூலன்ட் எங்கே போகிறது

இதுதான் இந்த இன்ஜினின் மையமான விஷயம், பொறுமையாகப் படியுங்கள். மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனரின் பிராக்கெட்டில் செருகி, கூலன்ட் கடத்தும் விரல் நீள பிளாஸ்டிக் எல்போக்கள் (வளைந்த குழாய்கள்), இரண்டு. வருஷக்கணக்கான சூட்டில் அவை பிஸ்கெட் மாதிரி ஆகிவிடும். அலுமினியத்தில் செய்தவை உதிரிபாகக் கடைகளில் சில டாலருக்குக் கிடைக்கின்றன. அவை உடைந்தால் கசிவு வெளியே தெரியும், சொட்டும். ஓட்டும்போது மொத்தமாக உடைந்தால் கூலன்ட் முழுவதும் நடுரோட்டில் கொட்டிவிடும்.

இரண்டு, கீழ் இன்டேக் கேஸ்கெட். இன்டேக் என்பது இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் பாகம், மேல் கீழ் என்று இரண்டு துண்டு. கேஸ்கெட் என்பது கசியாமல் இருக்க நடுவே வைக்கும் தகடு. பழையதில் சட்டம் பிளாஸ்டிக். இப்போது அலுமினியச் சட்டத்தோடு வருகிறது. எப்போது மாற்றினாலும் அதையே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. மேல் இன்டேக் முழுக்க பிளாஸ்டிக். அதன் வழியே கூலன்ட் ஓடுகிறது, பக்கத்திலேயே, எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் குழாயிலிருந்து சூடான வாயுவும் வருகிறது. அந்தச் சூட்டில் குழாயைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வெந்து, வளைந்து, ஒருநாள் கூலன்ட் நேராக இன்ஜினுக்குள் இறங்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அளவு மட்டும் குறைந்துகொண்டே போகும், காலையில் முதல் சில விநாடி இன்ஜின் தடுமாறும். ஒருநாள் சாவியைத் திருப்பினால் 'டங்' என்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிடும். சிலிண்டரில் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது தயவுசெய்து மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும், இன்ஜின் போய்விடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் இன்ஜினைச் சுற்ற வேண்டும்.

இதற்குத் தீர்வு உண்டு. ஈஜிஆர் குழாய் பிளாஸ்டிக்கைத் தொடாதபடி மெலிந்த குழாயோடு, மாற்றி வடிவமைத்த மேல் இன்டேக் தொகுப்பாகக் கிடைக்கிறது. சூப்பர்சார்ஜர் வண்டிகளில் இந்தப் பிளாஸ்டிக் பாகமே இல்லை. 2004-இல் கிராண்ட் ப்ரியில் வந்த சீரிஸ் 3-இல் அலுமினியத்துக்கு மாற்றிவிட்டார்கள். லெசேபரோ 2005 வரை சீரிஸ் 2-ஓடுதான் வந்தது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: "மேல் இன்டேக் மாற்றியாச்சா?" ரசீது காட்டினால் அந்தக் கார் மற்றதைவிடச் சில நூறு டாலர் அதிகம் பெறும்.

படி 4: காகித வேலை

மிச்சிகனில் டைட்டிலில், அதாவது காரின் உரிமைப் பத்திரத்தில், விற்பவர் கையெழுத்திட்டு உங்களிடம் தர வேண்டும். அதில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடன் தீர்ந்த காகிதமும் சேர்த்து வாங்குங்கள். 15 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும், 6 சதவீதம் வரி கட்ட வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் நம்பர் பிளேட் கிடைக்காது. மற்ற மாநிலங்களில் விதி வேறு, உங்கள் மாநில அலுவலகத் தளத்தைப் பாருங்கள். கையில் காசு வாங்கிக்கொண்டு டைட்டிலை "அப்புறம் தபாலில் அனுப்புகிறேன்" என்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

படி 5: முதல் சனிக்கிழமை

கார் வீட்டுக்கு வந்ததும், எல்போக்களை மாற்றியதற்கு ஆதாரம் இல்லையென்றால், முதல் வேலை அதுதான். நிதானமாகச் செய்தால் ஒரு காலைப் பொழுது ஆகும்.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பானட்டுக்குள் தேடாதீர்கள், லெசேபரில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ரேடியேட்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து கூலன்ட்டை ஒரு தட்டில் பிடியுங்கள். அதன் இனிப்புக்கு நாயும் பூனையும் வந்து நக்கும், அவற்றுக்கு அது விஷம். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

டென்ஷனரை ரெஞ்சால் தளர்த்தி பெல்ட்டை எடுங்கள். அதற்கு முன் பெல்ட் போகும் வழியை ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. ஆல்டர்நேட்டரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பிறகு டென்ஷனர் பிராக்கெட். அதை மெல்ல அசைத்து இழுக்கும்போதே பழைய எல்போ உடைந்துவிடலாம். பாதி கையிலும் பாதி ஓட்டைக்குள்ளும் இருக்கும். உள்ளே மாட்டியதை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே விழுந்து கூலன்ட் வழியை அடைத்துவிடும். முனை வளைந்த கொக்கி ஒன்றால் துண்டு துண்டாக வெளியே எடுங்கள். ஓட்டையின் சுவரில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவை ஸ்காட்ச்பிரைட்டால் தேய்த்து, விரல் வழுக்கும் அளவுக்குச் சுத்தமாக்குங்கள். அந்த வழவழப்பு இல்லாவிட்டால் புது எல்போவின் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) கசியும்.

புது எல்போவின் ஓ-ரிங்குகளைக் கூலன்ட்டில் நனைத்து, நேராக, திருகாமல் உள்ளே அழுத்துங்கள். பிராக்கெட், ஆல்டர்நேட்டர், பெல்ட் திரும்பப் போகட்டும்.

இனி கூலன்ட் நிரப்புவது. ஆரஞ்சு டெக்ஸ்கூல் வகை பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. பச்சைக் கூலன்ட்டை இதோடு கலக்காதீர்கள். தெர்மோஸ்டாட் உறை மேல் பித்தளைத் திருகு ஒன்று இருக்கும், அதைத் தளர்த்திவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். குமிழி வருவது நின்று, சீராகத் தண்ணீர் வரும்போது மூடுங்கள். ஹீட்டரை முழு சூட்டில் வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். உள்ளே சூடான காற்று நிலையாக வந்தால் காற்று வெளியேறிவிட்டது. மறுநாள் குளிர்ந்ததும் அளவைப் பார்த்து நிரப்புங்கள். ஒரு வாரம் தினமும் பாருங்கள்.

அன்றே ஆயிலும் மாற்றிவிடலாம்: 4.5 குவார்ட் 5டபிள்யூ-30. ஸ்பார்க் பிளக் ஆறில் முன்பக்கம் மூன்றும் கைக்கெட்டும். பின்பக்கம் மூன்றும், இன்ஜினுக்கும் அதைப் பயணிகள் பகுதியிலிருந்து பிரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் மாற்ற வேண்டும். அவசரமில்லை, அடுத்த வாரம் செய்யலாம். கியர்பாக்ஸ் ஆயில் பழையதாகத் தெரிந்தால் அடித்தட்டைக் கழற்றி, ஃபில்டரோடு மாற்றுங்கள். ஏழு குவார்ட்டுக்குப் பக்கம் பிடிக்கும்.

மேல் இன்டேக் மாற்றும் வேலையை முதல் முறையே தனியாகச் செய்யச் சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக்கை இரும்பு மாதிரி இறுக்கினால் விரிசல் விட்டுவிடும். செய்வதானால் அங்குல-பவுண்டு அளக்கும் டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும், வரிசைப்படி இறுக்க வேண்டும். இல்லையென்றால் 3800-ஐ அறிந்த ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். இந்த இன்ஜினை அடிக்கடி திறந்து பழகியவர்கள் மிச்சிகனில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படி 6: தினசரி ஓட்டம்

குளிர்காலத்தில் வெளியே பளபளப்பாகக் கழுவுவதைவிட அடிப்பாகத்தைக் கழுவுவது முக்கியம். வெப்பம் உறைநிலைக்கு மேலே ஏறும் நாளில், அடியில் தண்ணீர் பீய்ச்சும் கார் வாஷுக்குப் போய்விட்டு வாருங்கள். உப்பு ஈரத்தில்தான் தின்னும்.

சூடான பிறகு ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று அணைந்து, பத்து நிமிஷம் ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆனால், பெரும்பாலும் கிராங்க் பொசிஷன் சென்சார்தான். அதற்காக யாராவது பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர் என்று மாற்றச் சொன்னால் முதலில் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எரிந்த ஆயில் வாசனை சிக்னலில் நிற்கும்போது வந்தால் பின்பக்க வால்வ் கவர் கேஸ்கெட்டைப் பாருங்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

கண்ணாடி ஒருநாள் 'டப்' என்று கதவுக்குள் விழும். உள்ளே கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரின் பிளாஸ்டிக் பிடிதான் உடைந்திருக்கும். கடையில் புதிது வாங்கலாம், பழைய கார்கள் குவித்த யார்டிலும் எடுக்கலாம். இன்ஜினைச் சுற்றியுள்ள பல பாகங்கள் லெசேபருக்கும் அதே வருஷத்து போன்வில்லுக்கும் ஒன்றே என்பதால் யார்டில் தேடுவது எளிது. போகும்போது டென்ஷனர் பிராக்கெட், மூன்று இக்னிஷன் காயில்கள் இரண்டையும் நல்ல நிலையில் பார்த்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் டிக்கியில் ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மிக்சர் டப்பா இருக்கிறது. அதில் ஒரு காயில், ஒரு கிராங்க் சென்சார், இரண்டு அலுமினிய எல்போ, ஒரு 10 மில்லிமீட்டர் சாக்கெட், அப்புறம் அந்தப் பெரியவரின் நோட்டு. இப்போது அதில் பாதிப் பக்கங்கள் என் கையெழுத்தில்.